புளியமரத்தில் தொங்கிய சோற்றுப் பொட்டலம்

ஆகஸ்ட் 12, 2022 - வெள்ளி

தபால் ஆபீசில் கொடி விற்கிறார்கள் என்று காலையிலேயே போய் வாங்கி வந்துவிட்டேன். 25 ரூபாய். நாளையிலிருந்து மூன்று நாள் வீட்டுக்கு வீடு ஏற்ற வேண்டும். பாலியஸ்டர் துணி, கையில் வழுக்குகிறது. போன டிசம்பரில்தான் கொடி விதியைத் திருத்தி இந்தத் துணிக்கு இடம் கொடுத்தார்கள். நான் 13 வயதில் தொட்ட கொடி கதர். கஞ்சி போட்டு மொடமொடவென்று இருக்கும். 1972, சுதந்திர வெள்ளி விழா. பின்கோடு நடைமுறைக்கு வந்ததும் அதே ஆகஸ்ட் 15-ல்தான் என்பது தபால் ஆபீஸ் வாசலில் நிற்கும்போது ஞாபகம் வந்தது. அந்த நாளைப் பற்றி எழுதிவைக்க வேண்டும் என்று வெகுநாளாக நினைக்கிறேன். இந்த மூன்று நாளில் எழுதிவிடுகிறேன்.

ஆகஸ்ட் 13 - சனி

எங்கள் ஊர் மன்னார்குடிக்கும் திருத்துறைப்பூண்டிக்கும் நடுவில். அப்போது எல்லாமே தஞ்சாவூர் ஜில்லா. வங்கதேசப் போர் முடிந்து எட்டு மாதம்தான் ஆகியிருந்ததால் அந்த வருஷம் பள்ளிக்கூடத்தில் உற்சாகம் கொஞ்சம் கூடுதல். ஒரு வாரம் முன்பே சுண்ணாம்பு அடித்து, தோரணம் ஒட்டி, பாட்டு ஒத்திகை எல்லாம் நடந்தது.

கொடி மடிக்கும் வேலைக்கு டிரில் மாஸ்டர் என்னைக் கூப்பிட்டார். பெஞ்சில் கொடியை விரித்து, நீளவாக்கில் இரண்டு மடிப்பு. நடுவில் இரண்டு கை ரோஜா இதழும் சாமந்தியும். இதழ் ஈரமாக இருந்தால் துணியில் ஒட்டிக்கொள்ளும், விழாது. அதனால் முறத்தில் கொட்டி முதல் நாள் சாயங்காலமே உலர்த்திவிட்டார். அப்புறம் பாய் சுருட்டுவதுபோல் சுருட்டி, கயிற்றால் ஒரு சுருக்கு. “ஒரு நுனிய இழுத்தா அவிழணும், இன்னொண்ண இழுத்தா இறுகணும். எது எதுன்னு மறந்தா போச்சு!” இருபது தடவையாவது போட்டுப் பார்க்கச் சொன்னார். இன்றைக்கு மொட்டைமாடியில் உட்கார்ந்து போட்டுப் பார்த்தேன். மூன்றாவது தடவையிலேயே சரியாக வந்துவிட்டது. விரல் மறக்கவில்லை.

ஆகஸ்ட் 14 - ஞாயிறு

விழாவுக்கு அப்பாயி, அதாவது என் அப்பாவின் அம்மா, வந்திருந்தது. பள்ளிக்கூட வாசலை மிதித்தது அன்றைக்குத்தான் முதல் தடவை. உள்ளே வரக் கூச்சப்பட்டு வேலியோரம் வாகை மரத்தடியில் நின்றுகொண்டது.

கொடி ஏறியது, சுருக்கு அவிழ்ந்தது, பூ கொட்டியது. நாற்பத்திரண்டில் ஜெயிலுக்குப் போன பெரியவர் ஒருவருக்கு மாலை போட்டார்கள். தியாகிகளுக்குத் தாமிரப் பட்டயம் கொடுத்ததும் மத்திய அரசு பென்ஷன் ஆரம்பித்ததும் அந்த வெள்ளி விழாவை ஒட்டித்தான். பிறகு பெண்கள் எழுந்து ‘கத்தியின்றி ரத்தமின்றி’ பாடினார்கள். திரும்பிப் பார்த்தால், அப்பாயி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நிற்கிறது.

வீட்டுக்கு நடக்கும்போதுதான் சொன்னது.

“இந்தப் பாட்ட எங்க ரோட்டுலயே பாடிக்கிட்டுப் போனாங்கடா.”

1930 ஏப்ரல். ராஜாஜி தலைமையில் சுமார் நூறு பேர் திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு உப்பு எடுக்க நடந்து போனார்கள். நாமக்கல் கவிஞர் அந்த யாத்திரைக்கென்றே எழுதிய பாட்டு அது. அப்பாயிக்கு அப்போது ஒன்பது வயது. போகிறவர்களுக்குச் சோறோ இடமோ கொடுத்தால் தண்டனை என்று தஞ்சாவூர் கலெக்டர் தார்ன் அறிவித்திருந்தார். ஜனங்கள் விடவில்லை. பொட்டலம் கட்டி, சாலையோர மரங்களில் தொங்கவிட்டார்கள். யார் வைத்தது என்று போலீஸ் யாரைக் கேட்கும்?

அப்பாயியின் அம்மா புளிச்சோறு கிளறி, மந்தாரை இலையில் கட்டி, கிணற்றுக் கயிற்றில் ஒரு துண்டை அறுத்துக் கொடுத்திருக்கிறாள். பெரியவர்கள் போனால் சந்தேகம் வருமாம். விறகுக் கூடையில் பொட்டலத்தை மறைத்துக்கொண்டு போய், புளியமரத்தில் ஏறிக் கட்டியது இந்த ஒன்பது வயசுப் பிள்ளை. இறங்கும்போது முழங்காலில் சிராய்ப்பு. தழும்பை நடுரோட்டில் நின்று காட்டியது.

“உனக்கு ஏன் அப்பாயி மாலை போடல?”

“போடா. நான் என்ன ஜெயிலுக்கா போனேன்? சோத்தத் தூக்கிட்டுப் போனேன்.”

பென்ஷனுக்கு ஆறு மாதமாவது சிறையில் இருந்திருக்க வேண்டும் என்பது பின்னால்தான் எனக்குத் தெரிந்தது. விதி இருக்கட்டும். என் அப்பாயியைப்போல் எத்தனை வீட்டுப் பெண்கள் உலை வைத்தார்கள், எத்தனை பிள்ளைகள் மரம் ஏறினார்கள்! ஒரு பேரேட்டிலும் அவர்கள் பெயர் இல்லையே என்று இப்போது எழுதும்போதும் தொண்டை அடைக்கிறது.

ஆகஸ்ட் 15 - திங்கள்

காலை ஏழு மணிக்கு மாடியில் கொடி ஏற்றினோம். பேத்தி இழுத்தாள். நேற்றே உலர்த்திவைத்த சாமந்தி இதழ்கள் அவள் தலையிலும் என் சட்டையிலும் விழுந்தன. “இதை யாரு தாத்தா சொல்லிக் குடுத்தா?” என்றாள். டிரில் மாஸ்டரைப் பற்றிச் சொன்னேன், அப்படியே அப்பாயியைப் பற்றியும். புளியமரம் இருக்கிறதா என்று கேட்டாள். சாலையை அகலப்படுத்தியபோது வெட்டிவிட்டார்கள்.

“அவங்க அந்தச் சோத்தச் சாப்பிட்டாங்களா?”

நானும் 1972-ல் இதையேதான் கேட்டேன். மறுநாள் விடிந்ததும் அப்பாயி ஓடிப்போய்ப் பார்த்ததாம். பொட்டலம் இல்லை. கயிறு மட்டும் சுருட்டி, அதே கிளையிடுக்கில் பத்திரமாகச் செருகியிருந்ததாம்.