ஹைலேண்ட் பேக்பைப்: விரல், பை, சுருதி

ஸ்காட்லாந்தின் ஹைலேண்ட் பேக்பைப் கற்க வருபவர் கையில் முதலில் பையைக் கொடுப்பதில்லை. குறைந்தது ஆறு மாதம் பயிற்சிச் சாண்டர் என்ற ஒற்றைக் குழல்தான். மொத்தம் 9 சுரங்கள்.

வாசிக்கும்போது காற்றை நிறுத்திச் சுரத்தை வெட்ட வழியில்லை. ஒரே சுரம் இரண்டு தடவை வர வேண்டுமானால் நடுவில் ஒரு கிரேஸ்நோட், அதாவது கண நேரம் தொட்டுவிடும் குட்டிச் சுரம், போட்டுத்தான் பிரிக்க முடியும். டி சுரத்திலிருந்து ஈ சுரத்துக்குப் போகும்போது கீழ்க்கையின் மூன்று விரல்கள் மூட வேண்டும்; அதே நொடியில் அந்தக் கையின் சுண்டுவிரலும் மேல்கை மோதிர விரலும் எழ வேண்டும். மேல்கை விரல் ஒரு துளி பிந்தினாலும் நடுவில் 'லோ ஏ' என்ற தாழ்ந்த சுரம் எட்டிப்பார்க்கும். ஆசிரியர் முதலில் பிடிக்க வேண்டிய பிழை இதுதான்; பாட்டு அப்புறம்.

பைக்கு மாறும்போது ஒரே சுரத்தை விடாமல் ஒலிக்கும் டிரோன் குழல்கள் மூன்றில் இரண்டைக் கார்க் வைத்து அடைத்துவிடுங்கள். ஊதும்போது முழங்கை தளர வேண்டும், மூச்சிழுக்கும்போது அழுத்த வேண்டும். இரண்டும் சேர்ந்தால் சுருதி ஆடும். இணைப்புகளில் மெழுகிட்ட சணல்நூல் தளர்ந்திருந்தால் காற்று கசியும். பழி உங்கள் நுரையீரல்மேல் விழும்.

மேடைக்கு முன் நன்றாக வாசித்துச் சூடேற்றிய பிறகே சுருதி சேருங்கள், சூடானால் விரல் வைத்து வாசிக்கும் குழலான சாண்டரின் சுருதி ஏறும். டெனார் எனும் குட்டை டிரோன்கள் இரண்டும் 'லோ ஏ'-வுக்கு ஒரு ஸ்தாயி கீழே, பாஸ் எனும் நீள டிரோன் இரண்டு ஸ்தாயி கீழே. டிரோன் சுருதி கூடியிருந்தால் குழலை நீட்டுங்கள். சாண்டரில் ஒரு சுரம் மட்டும் ஏறி நின்றால் அந்தத் துளையின் மேல்விளிம்பில் டேப் ஒட்டினால் இறங்கும்.

கீபோர்டுடன் சேர்ந்து வாசிக்கக் கேட்டால் உஷார்! 'ஏ' என்று எழுதுவது உண்மையில் பி-ஃபிளாட்டையும் தாண்டி ஒலிக்கும். கீபோர்டோடு சேர, 'ஏ' சரியாக பி-ஃபிளாட்டில் (466 ஹெர்ட்ஸ்) ஒலிக்கும் சாண்டர் தனியாக வேண்டும்.