ஓரியூர் செம்மண்

எங்கள் வீட்டுப் பீடத்தில் மாதா சுரூபத்துக்குப் பக்கத்தில் ஒரு பழைய ஹார்லிக்ஸ் பாட்டில் இருக்கிறது. பாதிக்கு மேல் செம்மண். தம்பி குடிக்க ஆரம்பித்ததிலிருந்து அம்மா வருஷா வருஷம் ராமநாதபுரம் மாவட்டத்து ஓரியூருக்குப் போய், முந்தானையில் முடிந்து கொண்டுவந்து கொட்டிய மண். ஒரு சிட்டிகை எடுத்து, தூங்குகிறவன் நெற்றியில் சிலுவை போட்டு, தலைமாட்டில் உட்கார்ந்து ஒரு செபமாலை சொல்லி முடிப்பாள். அம்மா இறந்து மூன்று வருஷம் ஆகிறது, அவன் இன்னும் குடிக்கிறான்.

போன மாதம் ஒரு புதன்கிழமை நான் போனேன். காரைக்குடியிலிருந்து தேவகோட்டை, திருவாடானை என்று பஸ் மாறி ஓரியூரில் இறங்கும்போது வெயில் ஏறிவிட்டது. போர்ச்சுகலிலிருந்து வந்த சேசு சபைக் குரு அருளானந்தரை இங்கே தலைவெட்டிக் கொன்றதும் ஒரு புதன்கிழமைதான், 1693 பிப்ரவரி 4, அன்று தவக்காலம் தொடங்குகிற சாம்பல் புதன். அவர் ரத்தம் சிந்தியதால்தான் இந்த மண் சிவந்தது என்று அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும். ஊரெல்லாம் அவரைச் செம்மண் புனிதர் என்றுதான் சொல்கிறார்கள். கிறிஸ்தவர்கள் மட்டும் இல்லை, நெற்றியில் குங்குமத்தோடு வந்த ஒரு அக்கா என் பக்கத்தில் முட்டி போட்டு, மண்ணைச் சலித்துச் சலித்து கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள், அரிசி புடைக்கிற மாதிரி அத்தனை கவனமாக.

அங்கே உட்கார்ந்திருந்தபோது அருளானந்தரின் அம்மாவைத்தான் நினைத்துக்கொண்டேன். 1647-ல் லிஸ்பனில் பிறந்த பிள்ளை, சின்ன வயதில் பிழைக்காது என்கிற அளவுக்குக் காய்ச்சல், அந்த அம்மா புனித சவேரியாருக்கு நேர்ந்துகொண்டாள். பிள்ளை பிழைத்தான், நேர்த்திப்படி ஒரு வருஷம் சின்னதாக ஒரு சேசு சபை அங்கியை மாட்டிவிட்டாள். அவள் கேட்டது உடனே கிடைத்துவிட்டது. ஆனால் அந்தப் பிள்ளையே வளர்ந்து, கடல் தாண்டி வந்து, மறவர் சீமையில் வேலை செய்து, 1686-ல் பிடிபட்டுச் சித்திரவதைப்பட்டு, போர்ச்சுகலுக்குப் போய்ச் சேர்ந்த பிறகும் இங்கேதான் வருவேன் என்று திரும்பி வந்து, 45 வயதில் இந்த மண்ணில் விழுந்தார். அந்தத் தாயின் மன்றாட்டு எதில் முடிந்தது, பிழைத்ததிலா, இதிலா? எனக்குப் பதில் தெரியவில்லை, ஆனால் சீக்கிரம் கிடைத்தவர்களைப் பார்த்து இத்தனை வருஷம் உள்ளுக்குள் நான் பொறாமைப்பட்டது அங்கே கொஞ்சம் கரைந்தது.

இன்னொன்று. புனிதர் பட்டத்துக்கு முந்தின படியான அருளாளர் பட்டம் அவருக்குக் கிடைத்தது 1853-ல், புனிதர் பட்டம் 1947-ல். அவர் இறந்து 254 வருஷம் கழித்து. அதுவரை ரோம் என்ன சொல்லும் என்று இங்கே முட்டி போட்டவர்கள் காத்திருக்கவில்லை, வந்தார்கள், அழுதார்கள், மண்ணை முடிந்துகொண்டு போனார்கள். எத்தனை பேர் கேட்டது கிடைப்பதற்கு முன்பே கண்ணை மூடியிருப்பார்கள், என் அம்மா மாதிரி.

லூக்கா 18-ல் நடுவரிடம் ஓயாமல் போய் நின்ற அந்தக் கைம்பெண் கதையை எத்தனையோ பிரசங்கத்தில் கேட்டிருக்கிறேன். விடாமல் கேட்டால் கிடைக்கும் என்று மட்டும்தான் அப்போது எனக்குப் புரிந்தது. அதனால் ஒன்பது நாள் நவநாள் முடித்து பத்தாம் நாள் அவன் குடித்துவிட்டு வந்தால் எனக்குக் கடவுள் மேல் கோபம் வரும், ஆறு மாதம் செபமாலையைத் தொடாமல்கூட இருந்திருக்கிறேன். அம்மா அப்படி ஒருநாளும் இருந்ததில்லை. அவன் பெயரை அவரிடம் தினமும் கொண்டுபோய் வைப்பதுதான் அவளுக்கு வேலை, மீதி அவர் பாடு. அவளைக் கல்லறையில் வைத்த அன்று சாயங்காலம் அந்த வேலை என் கைக்கு வந்தது என்று எனக்கு ஓரியூரில்தான் உறைத்தது. அவள் விட்ட இடத்திலிருந்து சொன்னேன், அவள் வார்த்தையிலேயே, "ஆண்டவரே, என் பிள்ளையைப் பாரும்" என்று. தம்பி என்று சொல்ல வாய் வரவில்லை.

அப்புறம் கைக்குட்டையில் மண் எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன். திருவாடானை தாண்டும்போது அவனுக்கு போன் போட்டேன், எடுத்தான். "சாப்பிட்டியாக்கா?" என்றான். குரலை வைத்து குடித்திருக்கிறானா என்று கண்டுபிடிக்கிற பழக்கம் எனக்கு உண்டு, அன்றைக்கு அதைச் செய்யவில்லை. "இன்னும் இல்லடா, வீட்டுக்கு வா, சேர்ந்து சாப்பிடலாம்" என்றேன். சரி என்றான்.

ராத்திரி பதினொரு மணிக்குத்தான் வந்தான். சோறு போட்டேன். அவன் தூங்கிய பிறகு பாட்டிலைத் திறந்து, புது மண்ணைக் கொட்டி, ஒரு சிட்டிகை எடுத்துக்கொண்டு அவன் தலைமாட்டில் போய் உட்கார்ந்தேன்.