மாத்திரை இல்லாத மூன்று எழுத்துகள்

பாரிஸின் புறநகரான லாக்கூர்நெவில் உள்ள எங்கள் வீட்டில், இரண்டாம் வகுப்பில் படிக்கும் மகளின் பிரெஞ்சு வினைச்சொல் அட்டவணையைச் சரிபார்க்கும் பொறுப்பை, யாழ்ப்பாணத்தில் தமிழாசிரியராக இருந்து ஓய்வுபெற்ற என் மாமனார் தாமாகவே ஏற்றுக்கொண்டார். பிரெஞ்சு தெரியாது என்பதை அவர் ஒரு தடையாகக் கருதவில்லை. வெண்பாவுக்கு அசை பிரித்தவருக்கு இது எம்மாத்திரம்!

இங்குள்ள பள்ளிகளில் கைதட்டி அசை பிரிக்கக் கற்றுக்கொடுக்கிறார்கள். 'அவர்கள் பேசுகிறார்கள்' (ils parlent) என்ற இடம் வந்தபோது மகள் 'பார்ல்' என்று ஒருமுறை தட்ட, மாமா எழுத்தில் கண்டபடியே 'பார்-லென்ற்' என்று இருமுறை தட்டினார். இறுதியில் நிற்கும் ஈ, என், ரீ (e, n, t) ஆகிய மூன்றுக்கும் ஒலியே கிடையாது என்று அவள் சொன்னதும் அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டார். குற்றியலுகரத்துக்குக்கூட அரை மாத்திரை கொடுத்த மொழியிலிருந்து வந்தவரால் அதைப் பொறுக்க முடியவில்லை.

"அப்ப ஏன் பிள்ளை எழுதுறீங்கள்?"

"எழுதாட்டில் ரீச்சர் புள்ளி குறைப்பா, அப்பப்பா."

நான், நீ, அவன், அவர்கள் ஆகிய நால்வருக்கும் எழுத்து மூன்று விதமாக மாறினாலும் ஒலி அதே 'பார்ல்'தான் என்பதையும், 'நாங்கள்', 'நீங்கள்' ஆகியவற்றுக்கு மட்டுமே 'பார்லோன்', 'பார்லே' என்று இரண்டாம் அசை கிடைக்கிறது என்பதையும் அவர் ஒருவாறு ஏற்றுக்கொண்டார். ஆனால் 'கன்னியர் மடத்துக் கோழிகள் அடைகாக்கின்றன' என்ற புகழ்பெற்ற வாக்கியத்தை மகள் எடுத்து நீட்டினாள். பிரெஞ்சில் அதன் கடைசி இரு சொற்களுக்கும் (couvent couvent) ஏழு எழுத்துகளும் ஒன்றே. மடத்தைக் குறிக்கும் பெயர்ச்சொல் மூக்கொலியுடன் 'கூவான்' என்றும், வினைச்சொல் வெறும் 'கூவ்' என்றும் ஒலிக்கும். அடைகாக்கிற கோழி ஏன் கூவ வேண்டும் என்று மாமா கேட்டார்.

வினா வடிவம் நிலைமையை இன்னும் மோசமாக்கியது. 'அவன் பேசுகிறானா' என்பதில் எங்கிருந்தோ ஒரு தகரத்தை நடுவில் செருகி 'பார்ல்-தில்' என்கிறார்கள். யகர, வகர உடம்படுமெய்களை நினைத்து மாமா முகம் மலர்ந்தார். 'அவர்கள் பேசுகிறார்களா' என்று கேட்கும்போதோ, அதுவரை ஊமையாயிருந்த அந்த ரீ திடீரென விழித்துக்கொள்ள, அதுவும் 'பார்ல்-தில்' என்றே ஒலிக்கிறது. ஒருமையா பன்மையா என்பது கேட்பவரின் பாடு.

இதற்கிடையில் கைதட்டல் ஓசை கேட்டு, கீழ்வீட்டுக்காரர் மேலே வந்தார். அவர் தூலூஸ்காரர், பாரிஸ்காரர்கள் விழுங்கிவிடும் அந்த 'ஈ' (e) எழுத்தைத் தென்பகுதியினர் விடாமல் உச்சரிப்பார்கள். மகள் நடுவராக அவரை அழைக்க, அவர் நிதானமாக 'பார்-ல' என்று இரண்டு அசையில் சொன்னார். மாமா எழுந்து நின்று அவருடைய கையைக் குலுக்கினார். என், ரீ இரண்டையும் தூலூஸிலும் யாரும் உச்சரிப்பதில்லை என்று அவர் சொன்னதை மட்டும் மாமாவுக்கு மொழிபெயர்த்துச் சொல்ல மகள் தவறவில்லை. அந்த இரண்டையும் விட்டுக்கொடுத்துவிட்டு, இப்போது மாமா தூலூஸ் முறைப்படி இருமுறை தட்டுகிறார். பள்ளிக்கூட வாசலுக்கு வந்து தட்டக் கூடாது என்பது மகளின் நிபந்தனை.