ஆறு சான்றுகள், ஒரே செய்தி

வாழும் எழுத்தாளர் ஒருவரைப் பற்றிய இணையக் கலைக்களஞ்சியக் கட்டுரையில் ஒரு பகுதியைச் சீராக்க எனக்கு இரண்டு மாதங்கள் ஆயின. முதல் வாரம் என் அவசரத்தாலேயே வீணானது.

அவருடைய படைப்புகளுக்கு மூன்று பத்திகளே இருக்க, அவர் விடுவிக்கப்பட்ட ஒரு மோசடி வழக்குக்குச் 'சர்ச்சைகள்' என்ற தலைப்பின் கீழ் ஐந்து பத்திகள் இருந்தன. விடுதலையைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. பகுதி முழுவதையும் நீக்கினேன். வேறொரு பயனர் உடனே மீளமைத்தார். ஒரே கட்டுரையில் 24 மணி நேரத்துக்குள் மூன்று முறைக்கு மேல் பிறர் செய்த மாற்றத்தைத் திருப்பக் கூடாது (நீக்குவதும் அதில் அடங்கும்) என்பது தெரிந்திருந்தும், வாழ்வோர் மீதான அவதூறை நீக்குவதற்கு விலக்கு உண்டு என்ற துணிவில் நான்காம் முறையும் நீக்கி, ஒரு நாள் தொகுக்கத் தடை பெற்றேன். சான்றில்லாத அல்லது தரமற்ற சான்றுள்ள குற்றச்சாட்டுக்கே அந்த விலக்கு பொருந்தும். சான்றுள்ள செய்திக்கு எவ்வளவு இடம் தருவது என்பதை, கட்டுரையைப் பற்றிப் பயனர்கள் விவாதிக்கும் பேச்சுப் பக்கத்தில்தான் தீர்க்க வேண்டும்.

அங்கே அந்தப் பயனர் "ஆறு சான்றுகள் உள்ளன" என்பதையே திரும்பத் திரும்பச் சொன்னார்; நான் எழுத்தாளரின் உறவினரா, கூலிக்குத் தொகுப்பவரா என்றும் கேட்டார். (கோபமாக எழுதிய பதிலைச் சேமிக்காமல் அழித்ததுதான் இந்த விவகாரத்தில் நான் செய்த முதல் உருப்படியான காரியம்.) 2005-இல் பத்திரிகையாளர் ஜான் சீகன்தாலரைக் கென்னடி கொலையோடு முடிச்சுப்போட்ட பொய், ஆங்கில விக்கிப்பீடியாவில் ஏறத்தாழ நான்கு மாதங்கள் கிடந்தது, வாழ்வோர் பற்றிய கண்டிப்பான விதிகள் அதன் பிறகே அங்கு வந்தன. சீகன்தாலர் விஷயத்தில் சான்றே இல்லை. எனக்கோ சான்றுகளின் எண்ணிக்கையே தடையாக நின்றது.

ஆறையும் முழுமையாகப் படித்தேன். நான்கு, ஒரே செய்தி நிறுவனத்தின் அறிக்கையைச் சொல் மாறாமல் வெளியிட்டவை. ஐந்தாவது ஒரு தனிநபர் வலைப்பதிவு. ஆறாவதான இதழ்க் கட்டுரையில் வழக்குத் தொகை மற்ற ஐந்திலும் இல்லாத அளவில் இருந்ததால், யார் எப்போது எதை மாற்றினார் என்று காட்டும் தொகுப்பு வரலாற்றைப் புரட்டினேன்: அதே தொகை, இதழ் வெளிவருவதற்கு ஐந்து மாதங்கள் முன்பே எங்கள் கட்டுரையில் சான்றின்றிச் சேர்க்கப்பட்டிருந்தது. இதழ் எங்களிடமிருந்து எடுத்ததையே நாங்கள் அதற்குச் சான்றாகக் காட்டிக்கொண்டிருந்தோம். இரு தேதிகளையும் அருகருகே வைத்தபோது அந்தப் பயனரிடம் பதில் இல்லை.

விடுதலைக்குத் தீர்ப்பின் நகலை இணைத்தேன். நீதிமன்ற ஆவணம் முதல்நிலைச் சான்று (பிறர் ஆராய்ந்து எழுதாத நேரடி மூலம்), வாழ்வோர் பற்றிய கட்டுரையில் அதை மட்டும் நம்ப முடியாது என்று மற்ற பயனர்கள் மறுத்துவிட்டார்கள். எரிச்சலூட்டினாலும் விதி அதுதான். கைதை முதல் பக்கத்தில் போட்ட நாளிதழ், விடுதலையை உள்பக்கத்தில் நான்கு வரிகளில் முடித்திருந்தது. நூலகத்தின் பழைய இதழ்த் தொகுப்பில் அதைக் கண்டெடுக்கப் பத்து நாட்கள் ஆயின. ஆகவே ஆவணத்துக்கு முன் செய்தித்தாளைத் தேடுங்கள். சான்றுகளை எண்ணாமல், ஒவ்வொன்றும் எங்கிருந்து எடுத்தது என்று பாருங்கள்.

பிறரின் கருத்துக் கோரிய 30 நாட்களுக்குப் பின், தனித்தலைப்பு போய், வழக்கும் விடுதலையும் வாழ்க்கைப் பகுதியில் இரண்டு வாக்கியங்களாக நின்றன. முழுவதும் நீக்க வேண்டும் என்ற என் கோரிக்கையை யாரும் ஏற்கவில்லை. அதில் என்னோடு மோதிய அந்தப் பயனர்தான் சரி. அந்த நான்கு வரிச் செய்தியின் தேதியை அடிக்குறிப்பில் நான் தவறாக எழுதியிருந்தேன். அதைத் திருத்தியவரும் அவரே.