கொண்டல் அடிக்கும் கரை

கரிபியன் கடலில் பிரான்சின் ஆட்சிக்குட்பட்ட குவாதலூப், ஒடுங்கிய கடற்கால் ஒன்றால் பிரிக்கப்பட்ட இரண்டு பெரிய தீவுகளைக் கொண்டது. கிழக்கிலுள்ள கிரான்-தேர் எங்கள் யாழ்ப்பாணக் குடாநாட்டைப் போலவே தட்டையான சுண்ணக்கல் தரை. மேற்கிலுள்ள பாஸ்-தேர், 1,467 மீற்றர் உயரமான சூஃப்ரியேர் எரிமலையைச் சுமந்து நிற்கும் மலைத்தீவு. அந்த மலைத்தீவின் கிழக்குக் கரையிலுள்ள கபெஸ்தேர்-பெல்-ஓ என்ற ஊரைப் பற்றித்தான் நெடுநாளாக எழுத விரும்பியிருந்தேன்.

பழைய பிரெஞ்சுக் கடலோடிகள் காற்றை எதிர்கொள்ளும் கரையைக் கபெஸ்தேர் என்றும், காற்றுக்கு மறைவான கரையைப் பாஸ்-தேர் என்றும் வழங்கினர். வடக்கே வாடை, கிழக்கே கொண்டல், தெற்கே சோளகம், மேற்கே கச்சான் எனத் திசைக்கொரு பெயரிட்டுக் காற்றோடு வாழும் எங்கள் கடற்றொழிலாளருக்கு இதனை விளக்கத் தேவையில்லை. பெல்-ஓ என்றால் அழகிய நீர். கிழக்கிலிருந்து ஆண்டு முழுவதும் வீசும் காற்று மலையில் மோதி மழையாகப் பொழிய, கார்பே அருவிகளுள் இரண்டு 100 மீற்றருக்கும் கூடிய உயரத்திலிருந்து விழுகின்றன. 1493இல் கொலம்பஸோடு வந்தவர்கள் அந்த நீர்வீழ்ச்சியைக் கப்பலிலிருந்தே கண்டனர். மாரியில் மட்டும் ஓடும் வழுக்கையாற்றைத் தவிர வேறு ஆறில்லாத, கிணற்றை நம்பித் தோட்டம் செய்யும் மண்ணில் பிறந்த எனக்கு, இவ்வளவு நீர் ஓர் ஊருக்கு வாய்த்தது வியப்பாகவே இருக்கிறது.

அந்த நீரும் எரிமலை மண்ணும்தான் கரும்புத் தோட்டங்களை அங்கே வரவழைத்தன. 1848இல் அடிமைமுறை ஒழிக்கப்பட்டதும் தோட்டக்காரர் கூலிகளை இந்தியாவில் தேடினர். 1854 டிசம்பர் 24ஆம் திகதி ஒரேலி என்ற கப்பல் முதற்தொகுதியினரைக் கொண்டுவந்து இறக்கியது. 1889 வரை ஏறத்தாழ 42,000 பேர் ஒப்பந்தக் கூலிகளாகச் சென்றனர். புதுச்சேரி, காரைக்கால் துறைமுகங்களில் கப்பலேறிய தமிழர் அவர்களுள் மிகப் பலர். இன்று கபெஸ்தேரில் கரும்பின் இடத்தை வாழை பிடித்துவிட்டது. ஆயினும் சாங்ஜி என்ற பழைய தோட்டத்தின் பெயரிலேயே மாரியம்மன் கோயில் நிற்கிறது. மொழி பெரும்பாலும் மறைந்துபோன பின்னரும் தெய்வம் மறையவில்லை என்பதை நினைக்கும்போது மனம் கனக்கிறது.

இந்த ஊரில் 1863இல் பிறந்தவர் ஹென்றி சிதம்பரம். பிரெஞ்சு மண்ணிலேயே பிறந்தும் வாக்காளர் பட்டியலில் இடம் மறுக்கப்பட்ட இந்திய வம்சாவளியினருக்காக அவர் 1904இல் தொடங்கிய சட்டப் போராட்டம், அறுபதை நெருங்கிய வயதில், 1923இலேதான் வெற்றி பெற்றது. பத்தொன்பது ஆண்டுகள் ஒரு மனிதர் சலியாமல் நின்றார் என்பதே இந்த வரலாற்றில் என்னை மிகவும் ஈர்த்த செய்தி. கோப்பிக்கும் தேயிலைக்கும் எங்கள் மலைநாட்டுக்கு அழைத்துவரப்பட்டவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் 1948ஆம் ஆண்டின் இலங்கைக் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவராக்கப்பட்டபோது, சிதம்பரம் 85 வயதில் உயிரோடிருந்தார்.