சூட் துணியில் கம்பளி எவ்வளவு? எரித்தும் கரைத்தும் பார்த்த குறிப்பு

கையால் தடவி இழையைச் சொல்லிவிடலாம் என்ற நம்பிக்கையை முதலில் விட வேண்டும். பாலியஸ்டரையும் கம்பளியின் மென்மைக்குக் கொண்டுவந்துவிடுகிறார்கள். கத்தரி வைப்பதற்கு முன் ஒரு துண்டை நறுக்கிச் சோதிப்பதுதான் வழி.

எரித்துப் பார்க்கும்போது துணியை அப்படியே கொளுத்தினால் குழப்பமே மிஞ்சும். பாவு (நீளவாக்கில் ஓடும் நூல்) ஒன்றாகவும் ஊடை (குறுக்கே ஓடும் நூல்) வேறாகவும் நெய்த துணிகள் உண்டு. இரண்டையும் தனித்தனியே உருவி, ஐந்தாறு நூல்களை ஒன்றாக முறுக்கி, உலோகச் சாமணத்தில் பிடித்து, தண்ணீர்த் தட்டின் மேல் சுடரருகே மெல்லக் கொண்டுபோக வேண்டும். கம்பளி முடி கருகும் நாற்றத்தோடு மெதுவாக எரியும், சுடரை விலக்கினால் பெரும்பாலும் தானே அணையும், சாம்பல் விரலில் நொறுங்கும். பட்டும் ஏறத்தாழ அப்படியே. பருத்தி, லினன், விஸ்கோஸ் (மரக்கூழிலிருந்து செய்யும் இழை) மூன்றும் காகிதம் போல் எரிந்து மெல்லிய சாம்பலாகும். இவற்றைச் சுடர் பிரித்துக் காட்டாது. பாலியஸ்டர் சுடரைக் கண்டதும் சுருங்கி உருகும், ஆறியபின் கெட்டியான மணியாக நிற்கும். உருகிய சொட்டு தோலில் ஒட்டிக்கொண்டு சுடும், கவனம்.

சிக்கல் கலப்பு நூலில்தான். கம்பளியும் பாலியஸ்டரும் ஒரே நூலில் முறுக்கியிருந்தால் முடி நாற்றமும் வரும், கெட்டி மணியும் வரும். எது எவ்வளவு என்று தெரியாது. இங்கே கைகொடுப்பது வீட்டு ப்ளீச். அதிலுள்ள சோடியம் ஹைப்போகுளோரைட் கம்பளியின் புரதத்தைக் கரைத்துவிடும், பாலியஸ்டரைத் தொடாது. 10 செ.மீ. சதுரத் துண்டை 0.01 கிராம் வரை காட்டும் தராசில் நிறுத்து, கண்ணாடிக் கிண்ணத்தில் ப்ளீச்சில் மூழ்கவைத்து, நுரைப்பது அடங்கும்வரை அவ்வப்போது கிளற வேண்டும். மிச்சத்தை மெல்லிய வடிதுணியில் அலசி, உலர்த்தி, மறுபடி நிறுக்கலாம். சன்னலைத் திறந்து வைத்து, கையுறை போட்டுக்கொண்டுதான் இதைச் செய்ய வேண்டும். வினிகரோ அமோனியாவோ அருகில்கூட வேண்டாம், நச்சு வாயு வரும்.

துண்டு 2.50 கிராம், மிச்சம் 1.30 கிராம் என்றால் பாலியஸ்டர் 52 விழுக்காடு என்று உடனே எழுதிவிடக் கூடாது. கரைந்துபோன கம்பளி காற்றின் ஈரத்தையும் சுமந்திருந்தது. அதன் உலர் எடையில் 15 விழுக்காடு ஈரம் என்று வைத்துக் கழித்தால் பாலியஸ்டரின் பங்கு 55ஐ ஒட்டி வரும். பாலியஸ்டர் வாங்கும் ஈரம் வெறும் 0.4 விழுக்காடு. நீட்சிக்காக எலாஸ்டேன் சேர்த்த துணியில் இந்தக் கணக்கு பிசகும், அந்த இழையையும் குளோரின் அரிக்கும்.

லைனிங் துணிக்குத் தனிச் சோதனை: இரண்டு நூலை அசிட்டோனில் போட்டால் அசிட்டேட் கரையும், விஸ்கோஸ் அப்படியே கிடக்கும். நெருப்பை அணைத்து அப்புறப்படுத்திய பிறகே அசிட்டோன் புட்டியைத் திறக்க வேண்டும்.

சூட்டின் மேலங்கியில் (கோட்) கையை எப்படி வெட்டுவது என்பதை இந்த விகிதம்தான் முடிவுசெய்கிறது. முழுக் கம்பளியில் கையின் மேல்வளைவைக் கைக்குழியை விட 3 முதல் 4 செ.மீ. கூடுதலாக வெட்டி, நீராவியில் சுருக்கி உட்காரவைக்கலாம். பாலியஸ்டர் மிகுந்த துணி அப்படிச் சுருங்கிக் கொடுக்காது, தோளில் கொசுவம் விழும். அதற்குக் கூடுதலை 2 செ.மீ. அளவிலேயே நிறுத்துவது நல்லது. இஸ்திரியும் ஈரத்துணிக்கு மேலேதான், நேராக வைத்தால் துணி பளபளத்துவிடும், அந்தப் பளபளப்பு பிறகு போகாது.