ஏ/எல் போட்ட பேரும் ஒரு டெவலப்பர் கான்ஃபரன்ஸும்

கேஎல்ல (கோலாலம்பூர்) நடந்த டெவலப்பர் கான்ஃபரன்ஸ் முடிஞ்சு நேத்து ராத்திரிதான் ரயில் ஏறி சுங்கை சிப்புட் வந்து சேர்ந்தேன், இன்னும் தூக்கமே தெளியல, ஆனா இப்பவே எழுதலன்னா பாதி மறந்துடும். மெயின் ஹால் முழுக்க ஏஐ பேச்சுதான், அதப்பத்தி எழுத நெறைய பேர் இருக்காங்க, நான் விட்டுடறேன். எனக்கு மனசுல நின்னது மத்தியானம் சின்ன ரூம்ல நடந்த ஒரு செஷன், ஆன்லைன் பாரத்துல மனுஷங்க பேர எப்படி வாங்கணும்னு. பாதி நாற்காலி காலி, அதான் எனக்கு வருத்தம்.

நம்ம ஊர்க்காரங்களுக்கு இத விளக்கவே வேணாம். தோட்டத்துல பொறந்தவங்க ஐசிய, அதான் மலேசிய அடையாள அட்டைய, எடுத்துப் பாருங்க, பேருக்கும் அப்பா பேருக்கும் நடுவுல ஏ/எல் (மலாய்ல மகன்னு அர்த்தம்), இல்லன்னா ஏ/பி (மகள்) இருக்கும். எங்க அத்தை ரொம்ப வருஷம் பால்மரம் வெட்டினவங்க, போன்ல ஒரு கணக்கு திறக்கப் பாத்தாங்க. ஐசியில இருக்கிற மாதிரியே பேர் போடுங்கன்னு அந்த ஆப்பே சொல்லுது, அப்படியே போட்டா இந்தக் குறி கூடாதுன்னு செவப்புல காட்டுது, சரின்னு நடுவுல இருக்கிற "/" குறிய, அதான் ஸ்லாஷ, எடுத்துட்டுப் போட்டா ஐசியோட ஒத்துப்போகலன்னு தள்ளிடுது. "என் பேர்ல என்னய்யா தப்பு"ன்னு அத்தை கேட்டாங்க. ஒரு தப்பும் இல்ல அத்தை, அத எழுதினவங்க உங்கள நெனச்சே பாக்கல.

ஸ்லாஷால நெசமாவே சிக்கல் வர்ற இடம் இருக்கு, அத மறுக்கல. லினக்ஸ்ல ஃபைல் பேருக்குள்ள ஸ்லாஷ் வரவே முடியாது, அது ஃபோல்டர பிரிக்கிற குறி, அதனால ஆளோட பேர வச்சு சர்டிபிகேட் பிடிஎஃப் சேமிக்கிற ப்ரோக்ராம் நம்ம பேர் வந்தவுடனே இல்லாத ஃபோல்டர தேடிப் போய் விழுந்துடும். யூஆர்எல் பாதையில பேர வச்சா, ஒழுங்கா என்கோட் பண்ணி அனுப்பினாலும் அப்பாச்சிங்கிற வெப் சர்வர் டிஃபால்ட்டா 404, அதாவது பக்கமே இல்லன்னு, குடுத்துடும். ஏர்லைன் புக்கிங் ரெக்கார்டுல குடும்பப் பேரையும் சொந்தப் பேரையும் பிரிக்கிற குறியே ஸ்லாஷ்தான், நமக்கோ குடும்பப் பேருன்னு ஒண்ணு கெடையவே கெடையாது.

ஆனா பாரத்துல தடுக்கிறதுக்கு இதெல்லாம் காரணமே இல்ல. ஏல இருந்து இசட் வரைக்கும் எழுத்து, நடுவுல இடைவெளி, அவ்ளோதான்னு ஒரு ரெஜெக்ஸ (எந்த எழுத்து வரலாம்னு சொல்ற விதி) எங்கேயோ இருந்து எடுத்து ஒட்டிடறாங்க. எஸ்கியூஎல் இன்ஜெக்ஷன் பயம்னு சொல்வாங்க, அதாவது பாரம் வழியா டேட்டாபேஸுக்குள்ள கட்டளைய நுழைக்கிற திருட்டு, அதுக்கு உள்ள வர்றத கட்டளையா எடுக்காம வெறும் தகவலா மட்டும் வைக்கிற பாராமீட்டர் வச்ச குவெரி இருக்கு, மனுஷன் பேர எதுக்கு வெட்டணும்? ஐசியில இருக்கிறத எழுத்து மாறாம டேட்டாபேஸ்ல ஒரு காலம்ல (column) வைங்க, தேடவும் ஒப்பிடவும் குறி நீக்கின காப்பிய இன்னொரு காலம்ல வைங்க, ஃபைலுக்கும் யூஆர்எல்லுக்கும் ஐடி நம்பர் போடுங்க. இதுக்கு மேல என்ன வேணும்?

டீ பிரேக்ல சரவாக்ல இருந்து வந்த ஒரு இபான் டெவலப்பர்கிட்ட பேசிட்டிருந்தேன், அவங்க பக்கம் பேருக்கு நடுவுல "அனாக்"னு (பிள்ளைன்னு அர்த்தம்) வரும், ஒரு சிஸ்டம்ல முழுசா, இன்னொண்ணுல சுருக்கி, ரெண்டும் வேற வேற ஆள்னு கம்ப்யூட்டர் முடிவு பண்ணிடுதாம். "@" போட்ட பேரும் இருக்கே, வீட்டுப் பேரையும் சேத்துப் பதிஞ்சவங்க.

தமிழ்லயே பேர் வாங்கினா அது வேற கணக்கு லா. "தமிழ்" நம்ம கண்ணுக்கு 3 எழுத்து, ஜாவாஸ்கிரிப்ட்ல லென்த் கேட்டா 5, கம்ப்யூட்டர்ல எழுத்த சேமிக்கிற யூடிஎஃப்-8 முறையில 15 பைட். ஜாவாஸ்கிரிப்ட்ல நம்ம கண்ணுக்குத் தெரியற எழுத்தா பிரிக்கிற Intl.Segmenter வச்சு எண்ணினாதான் 3 வரும். தமிழ்ப்பள்ளிக்கு சாஃப்ட்வேர் செய்யறவங்க இத கட்டாயம் பாக்கணும், இல்லன்னா புள்ளைங்க பேர் கடைசி எழுத்து வெட்டுப்பட்டு நிக்கும்.

நான் இப்ப ஒரு டெஸ்ட் ஃபைல் தயார் பண்றேன், எல்லாம் கற்பனைப் பேர்தான், ஏ/எல், ஏ/பி, பழைய எஸ்/ஓ, டி/ஓ (இங்கிலீஷ்ல மகன், மகள்), "@", ஒத்தப் பேர், அப்பா பேர் ரொம்ப நீளமா இருக்கிறது, எல்லா வகையும் வரும். நான் விட்டுட்ட வகை ஏதாவது உங்க தோட்டத்துப் பக்கம் இருந்தா சொல்லுங்க, யாரோட ஐசி பேரையும் அனுப்பாதீங்க, எந்த மாதிரின்னு மட்டும் சொன்னா போதும், சேத்துடறேன்.